தேங்காய் மணக்கும் வேர்

மார்ச் மாதத்தில் குவாங்சோ நகரத்துச் சுவர்கள் வியர்க்கின்றன. குளிர்காலம் முழுக்கச் சில்லிட்டுக் கிடந்த கட்டடங்களில் தென்கடலின் ஈரக்காற்று பட்டதும் நீர் கோத்து வழிகிறது. மாடிப்படி வழுக்குகிறது. துவைத்த துணி மூன்றாம் நாளும் காய்வதில்லை. ‘ஹுய்நான் தியான்’ என்று ஊர்க்காரர்கள் இந்தப் பருவத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். சுவருக்குள் ஏறிய ஈரம் உடம்புக்குள்ளும் ஏறும் என்பது அவர்கள் நம்பிக்கை. உடல் கனக்கும், பசி மந்தப்படும், நாக்கில் வெள்ளை படியும். ஆகவே காலையில் சந்தைக்கு வருகிறவர்களின் பேச்சு ஒன்றையே சுற்றுகிறது. ஈரத்தை இறக்க இன்றைக்கு என்ன சூப் வைக்கலாம்?

கன்டோனிய வீட்டுச் சமையலைக் கற்றுக்கொள்ளத்தான் போயிருந்தேன். அந்த ஊரில் துணி ஏற்றுமதித் தொழில் செய்யும் நண்பரின் மேல்மாடியில் ஒரு பெரியம்மா இருக்கிறார். குடியிருப்பு முழுக்க அவரை ‘ஆயீ’ என்றே கூப்பிடுகிறது, நானும் அப்படியே கூப்பிட்டேன். ஆங்கில ஆசிரியையான அவருடைய மருமகள் மொழிபெயர்க்க உடன் வந்தார். அவர் ஆறு மாதக் கர்ப்பிணி.

“அத்தை கேக்கறாங்க, மத்தியானம் யார் யார் சாப்பிடறோம்னு.”

ஆயீ விரல் விட்டு எண்ணினார். யூரிக் அமிலத் தொல்லையில் கால் பெருவிரல் வீங்கும் கணவர், பிள்ளைத்தாச்சி மருமகள், நண்பர், நான், அவர். எனக்கு ரத்த அழுத்தம் உண்டா, ரத்தத்தை இளக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறேனா என்று கேட்டார். இல்லை என்று தெரிந்த பிறகுதான் துணிப்பையை எடுத்துக்கொண்டார். எந்த நோய்க்கு எந்த மூலிகை என்ற பட்டியலை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இந்த வரிசை புதிதாக இருக்கும். இங்கே முதலில் ஆள், அடுத்து பருவம். பொருள் மூன்றாவதாகத்தான் வருகிறது.

ஹுவாங்ஷா மெட்ரோ நிலையத்திலிருந்து வெளியே வந்தால் முத்தாற்றின் ஓரமாக ஷாமியன் தீவு தெரிகிறது. இரண்டாம் அபினிப் போருக்குப் பிறகு பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரர்களும் தங்களுக்கென்று எடுத்துக்கொண்ட துண்டு நிலம் அது. அதை ஒட்டி ஓடும் சாலையின் பெயர் ‘ஆறு இருபத்து மூன்று சாலை’. 1925 ஜூன் 23 அன்று ஊர்வலம் போன மக்கள் மீது தீவிலிருந்து துப்பாக்கிச் சூடு நடந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தத் தேதிதான் சாலையின் பெயர். அதைக் கடந்தால் சிங்பிங் சந்தை.

1979-ல் இந்தச் சந்தை தொடங்கியபோது, விவசாயிகள் தங்கள் விளைச்சலைத் தாங்கள் சொல்லும் விலைக்கு விற்கலாம் என்பதே சீனாவில் பெரிய துணிச்சல். அப்போது உயிருள்ள விலங்குகளும் ஏராளமாக விற்றன. 2003-ல் சார்ஸ் நோய் பரவிய பிறகு அந்த வியாபாரம் ஒடுங்கிவிட்டது. இன்று இது பெரும்பாலும் உலர்சரக்குச் சந்தை. இடுப்புயர மூட்டைகளின் வாய் திறந்து கிடக்கிறது. அரை கிலோ எடையுள்ள ‘ஜின்’ கணக்கில் நிறுக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் முதலில் வரும் மணம் நமக்கு நன்றாகத் தெரிந்ததுதான், அன்னாசிப்பூ. பக்கத்து மாகாணமான குவாங்ஷியிலிருந்து வருகிறது. அதனருகே பட்டை, கிராம்பு, சோம்பு. இவற்றோடு நாக்கைச் சிலிர்க்க வைக்கும் சிச்சுவான் மிளகைச் சேர்த்து இடித்தால் அவர்களுடைய ஐந்து மசாலாப் பொடி. இரண்டு கடை தள்ளி அதிமதுரம் சாய்வாகச் சீவிக் கிடந்தது. தாமரை விதை, மக்கானா, காய்ந்த செவ்விலந்தை, திப்பிலி என்று சென்னை பாரிமுனையின் நாட்டு மருந்துக் கடையில் பார்த்தவை பாதிக்குப் பாதி இருந்தன.

ஆயீ எதற்கும் அவசரப்படவில்லை. காய்ந்த மலைவள்ளிக் கிழங்குச் சீவல்கள் ஒரு கடையில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை வெளேரென்று இருந்தன. கையில் ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனார். மூச்சு விட்டு ஈரப்படுத்தி மறுபடி முகர்ந்தார். எனக்கும் நீட்டினார். மூக்கின் உள்ளே லேசாகச் சுர்ரென்றது. கந்தகப் புகை. பூஞ்சையும் பூச்சியும் அண்டாமல் இருக்கவும் நிறம் வெளுக்கவும் மூலிகைகளைக் கந்தகப் புகையில் வைப்பது பழைய வழக்கம். அளவு மீறினால் கெடுதல். சீன அரசு மருந்து நூல் இந்த எச்சத்துக்கு வரம்பு கட்டியிருக்கிறது. பத்துப் பொருள்களுக்குக் கிலோவுக்கு 400 மில்லிகிராம், மற்றவற்றுக்குப் பெரும்பாலும் 150. சந்தையில் யாரும் கருவி வைத்து அளப்பதில்லை, மூக்குதான் கருவி. இரண்டு கடை தள்ளி மங்கலான தந்த நிறத்தில், விளிம்பு சற்றே பழுத்த சீவல்கள் கிடைத்தன. பார்வைக்கு எளியவை, மாவு வாசம் மட்டும் இருந்தது. அவற்றை வாங்கினார்.

கோஜிப் பழத்துக்கு வேறு சோதனை. நல்ல பழத்தில் காம்பு இருந்த இடத்தில் சிறு வெள்ளைப் புள்ளி இருக்கும். சாயம் ஏற்றிய பழத்தில் அந்தப் புள்ளியும் சிவந்துவிடும், நீரில் போட்ட மாத்திரத்தில் நீரும் சிவக்கும். ஆரஞ்சுத் தோலின் கதை தனி. இங்கே மதிப்புள்ள தோல், அருகிலுள்ள சின்ஹுய் வட்டாரத்து மாண்டரின் பழத்தினுடையது. மூன்று இதழாகப் பிரித்து, அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும்படி உரித்து வெயிலில் காயவைத்து எடுத்து வைப்பார்கள். குறைந்தது மூன்றாண்டு ஆனால்தான் அதற்குச் ‘சென்பி’ என்ற பெயர். ஆண்டு கூடக்கூட நிறம் கறுத்து விலை ஏறும். ஆயீ ஒரு தோலை விளக்குக்கு எதிரே பிடித்தார். எண்ணெய்ப் பைகள் ஊசி குத்திய துளைகள் போல ஒளிர்ந்தன. கசப்பு அடங்கி, பழம் போய், மரமும் தேனும் கலந்த ஒரு நெடி அதில் இருந்தது.

எந்த மண்ணில் விளைந்தது என்பதைக் கேட்காமல் இவர்கள் எதையும் வாங்குவதில்லை. கோஜி என்றால் நிங்ஷியா, மலைவள்ளி என்றால் ஹெனான், தாங்குய் வேர் என்றால் கான்சு மாகாணத்தின் மின் வட்டம். பண்ருட்டிப் பலா என்று ஊரைச் சேர்த்துச் சொன்னால்தான் நமக்கு வாய் ஊறுகிறதே, அந்தக் கணக்குதான். ஆனால் இங்கே அது சுவையோடு நிற்பதில்லை. பிற மண்ணில் வளர்ந்தால் அதே செடி அதே வேலையைச் செய்யாது என்பது மருத்துவர்களின் நிலை. செடியின் வேதிப் பொருள்கள் மண்ணுக்கும் குளிருக்கும் ஏற்ப மாறுகின்றன என்பதால் அது வெறும் ஊர்ப்பற்று இல்லை.

சந்தையின் நடுப்பகுதியில் அந்த வேரைப் பார்த்தேன். பார்க்க ஒன்றுமில்லை. விறகுச் சிராய்கள் மாதிரி, பழுப்புத் தோலும் வெளிர்ந்த உள்ளுமாக ஒரு கூடை. கடைக்காரம்மா ஒன்றை ஒடித்து நீட்டினார். தேங்காய்ப் பாலின் மணம்! பக்கத்தில் எங்கும் தேங்காய் இல்லை. ‘ஐந்து விரல் மயிர்ப்பீச்’ என்று பொருள்படும் பெயர் அதற்கு. இலை விரித்த கைபோல் பிளந்திருக்கும், காயில் பூனைமயிர். பெயரில் பீச் இருந்தாலும் செடி அத்தி இனம். குவாங்தோங் மலைகளில் தானாக வளர்வது, ஹக்கா மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சூப்பில் போடுவது. ஹுய்நான் தியான் பருவத்தில் ஈரம் இறக்கும் சூப்புக்கு இதுதான் அடித்தளம். நெஞ்சுக்கு வலு, செரிமானத்துக்கு நல்லது, ஆனாலும் உடம்பைச் சூடாக்காது என்று ஆயீ சொன்னார். வடக்கத்தியர் போற்றும் ஹுவாங்சி வேருக்கு ஈடாகச் சொல்லித் ‘தென் ஹுவாங்சி’ என்றும் இதைக் கூப்பிடுவதுண்டு.

சந்தை வாசலில் ஒரு முதியவர் தரையில் சாக்கு விரித்து, மலையிலிருந்து அப்போதுதான் தோண்டி வந்ததாகச் சொல்லி அதே வேரைப் பாதி விலைக்குக் கூவிக்கொண்டிருந்தார். மண் ஒட்டிய பச்சை வேர். எனக்கு அதுதான் புதுசாகத் தெரிந்தது. ஆயீ என் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டே போய்விட்டார். கொஞ்ச தூரம் போனதும் மருமகள் விளக்கினார்.

“அதே மலையில, அதே செடிக்குப் பக்கத்துல ஒரு கொடி வளரும். ‘குடல் அறுக்கும் புல்’னு பேரு. ரெண்டு வேரும் மண்ணுக்குள்ள பின்னிக்கிட்டிருக்கும். தோண்டறவங்க கவனிக்காம சேர்த்து வெட்டிக்கிட்டு வந்துடுவாங்க. சூப்புல ஒரு துண்டு விழுந்தாப் போதும்.”

தாவரவியலில் கெல்செமியம் எலெகன்ஸ் என்ற கொடி அது. அதன் நச்சு மூச்சை இயக்கும் நரம்புகளை அடக்கிவிடும். சூப் குடித்துச் சற்று நேரத்தில் தலை சுற்றும், இமை தூக்க முடியாமல் விழும், பிறகு மூச்சு நிற்கும். மலையில் தோண்டிய வேரைச் சூப்பில் போட்டுக் குடும்பத்தோடு சாய்ந்த சம்பவங்கள் தெற்குச் சீனாவில் நடந்திருக்கின்றன. தாமாகத் தோண்டாதீர்கள், தெருவோரம் வாங்காதீர்கள் என்று குவாங்தோங் அதிகாரிகள் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறார்கள். வேறுபாடு தெரியாமல் இல்லை. நல்ல வேரின் தோல் நாராக உரியும், ஒடித்தால் தேங்காய் மணக்கும். நச்சு வேரின் தோல் எளிதில் உரியாது, மணம் இல்லை, கசப்பு. ஆனால் இரண்டும் ஒரே பையில் கலந்து கிடந்தால் நல்லதன் மணம் கெட்டதன் மேலும் ஏறிவிடும். ஆகவே பயிரிட்டு வளர்த்த வேரை, பெயர் போட்ட கடையில், காய்ந்த சரக்காக வாங்கி, வீட்டில் ஒவ்வொரு துண்டாக உரித்துப் பார்க்கிறார் ஆயீ. அவருடைய சமையலில் நான் மிகவும் மதித்த திறமை இதுதான். மூலிகைச் சமையலின் உயிர், கைப்பக்குவத்துக்கு முன்பாக இந்தச் சந்தேகத்தில் இருக்கிறது. ‘இயற்கையானது, ஆகவே தீங்கில்லை’ என்ற பேச்சு நம் ஊரிலும் நிறையக் கேட்கிறது. இந்த வேரை ஒருமுறை கையில் வாங்கியவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள்.

விலங்குச் சரக்கு வரிசையில் நான் நிற்க விரும்பவில்லை. குச்சியில் விரித்து அறைந்த பெரும்பல்லிகள், சுருட்டிக் காயவைத்த பாம்புகள், மான்கொம்புச் சீவல். கண்ணாடிப் பெட்டியில் கடற்குதிரைகள் வாலைச் சுருட்டியபடி அளவுவாரியாக அடுக்கப்பட்டிருந்தன. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் வலையில் சிக்கும் அதே உயிர். இந்தியாவில் 2001-ல் கடற்குதிரையும் கடல் அட்டையும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2004 முதல் உலக அளவிலும் கடற்குதிரை வணிகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. இருந்தும் ராமநாதபுரக் கரையில் மூட்டை பிடிபட்ட செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. அந்த மூட்டைகள் எதற்காகக் கட்டப்படுகின்றன என்று இந்தப் பெட்டியைப் பார்த்தால் புரிகிறது. பழக்கம் மாறவே மாறாது என்பதற்கும் இல்லை. எறும்புத்தின்னிச் செதிலை 2020-ல் சீன அரசு மருந்து நூலே நீக்கிவிட்டது. ஆயீயின் சமையலறையில் இந்த வரிசைப் பொருள் எதுவும் கிடையாது. சூப்புக்கு இது எதற்கு என்று கேட்டுவிட்டு நடந்தார்.

சந்தைக்கு வெளியே ஒரு மருந்துக்கடை. சுவர் முழுக்கச் சிறு இழுப்பறைகள், ஒவ்வொன்றின் முகத்திலும் எழுத்து. அடிக்கடி கேட்கும் வேர்கள் கை எட்டும் உயரத்தில், எடை குறைந்த பூக்கள் மேலே, கல்லும் கிளிஞ்சலும் அடித்தட்டில். ஒன்றுக்கொன்று ஆகாதவை என்று மரபு சொல்லும் பதினெட்டு முரண்கள் உண்டு. அத்தகைய இரண்டை அடுத்தடுத்த அறையில் வைப்பதில்லை, கை தவறி ஒன்றில் மற்றொன்று சிந்திவிடக் கூடாதே!

கடைக்காரர் கேட்டதை எல்லாம் கொடுக்கவில்லை. மலைவள்ளி, கோஜி, செவ்விலந்தை என்றால் பை நிறையக் கொடுத்தார். எனக்கு முன்னால் நின்ற ஒருவர் ‘ஃபூசி’ வேர் கேட்டார். நம் சித்த மருத்துவத்தில் நாபி என்று சொல்வதன் உறவு. மருத்துவர் சீட்டு எங்கே என்று கை நீட்டினார் கடைக்காரர். சீட்டு இல்லை, வேரும் இல்லை. பக்குவப்படுத்தாத ஃபூசி, 1988-ல் வந்த அரசு விதி நச்சு மருந்து என்று பட்டியலிட்ட 28 பொருள்களில் ஒன்று. பக்குவப்படுத்தியதையும் மற்ற மூலிகைகளுக்கு முன்னதாகத் தனியே நெடுநேரம் கொதிக்கவைக்க வேண்டும். கொதியில்தான் அதன் நஞ்சு உடைகிறது.

சமையலறைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. சீனாவில் அந்தக் கோட்டை அரசே எழுதி வைத்திருக்கிறது. உணவாகவும் மருந்தாகவும் பயன்படக்கூடியவை என்று 2002-ல் சுகாதார அமைச்சகம் 87 பொருள்களைப் பட்டியலிட்டது. இஞ்சி, சென்பி, மலைவள்ளி, கோஜி, அதிமதுரம் எல்லாம் அதில் உண்டு. 2019-ல் மசாலாவாக மட்டும் பயன்படுத்தலாம் என்று மஞ்சள், திப்பிலி, கச்சோலம், தாங்குய் முதலியவற்றைச் சேர்த்தார்கள். ஹுவாங்சி வேரும் தாங்ஷென் வேரும் ஊர் முழுக்கச் சூப்பில் கொதித்துக்கொண்டிருந்தும், சோதனை முடிந்து முறையாகப் பட்டியலில் ஏறியது 2023-ல்தான். இந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது.

கோடு அழிந்தால் என்ன ஆகும் என்பதற்கு பிரஸ்ஸல்ஸ் சாட்சி. 1990-களின் தொடக்கத்தில் அங்கே உடல் மெலிவதற்கான மாத்திரையில் ஒரு சீன மூலிகை சேர்க்கப்பட்டது. சேர்க்க நினைத்தது ஸ்டெபானியா இன வேர், போய்ச் சேர்ந்தது அரிஸ்டோலோக்கியா இன வேர். சீனத்தில் இரண்டின் பெயரும் ‘ஃபாங்ஜி’ என்றே முடியும். நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் பழுதாயிற்று, பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப்பாதையில் புற்று. சீனா 2004-ல் அந்த அரிஸ்டோலோக்கியா வேரை மருந்துப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இந்தக் கதை நமக்குத் தொலைவானதில்லை. நம் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுரமூலியும் அதே அரிஸ்டோலோக்கியா இனம்தான். பாட்டி வைத்தியம் என்று எழுதி வரும் குறிப்புகளில் அவற்றைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு மூலிகைத் தேநீர்க் கடை. நடுவில் பளபளக்கும் பித்தளைப் பாத்திரம், முன்னால் மூடிய கிண்ணங்கள். இதில் தேயிலை கிடையாது, எல்லாம் கஷாயம். வாங் லாவ் ஜி என்ற பெயரில் 1828-ல் இதே நகரத்தில் தொடங்கிய கஷாயக் கடைதான் இன்று சிவப்புத் தகரக் குவளையில் சீனா முழுக்க விற்கிறது. 2006-ல் இந்தத் தேநீர் மரபு தேசியப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலிலும் ஏறியது. ‘இருபத்து நான்கு சுவை’ என்ற கிண்ணத்தை வாங்கிக் குடித்தேன். நிலவேம்பு குடித்து வளர்ந்த நாக்குக்கும் அது கடுங்கசப்பு, தொண்டையில் இறங்கிய பிறகு மெல்ல ஓர் இனிப்பு. மருமகளுக்கு அங்கே எதுவும் கிடையாது, வெந்நீர் மட்டும். தெருவோரத்தில் செவ்விலவ மரங்கள் இலையின்றிப் பூத்திருந்தன. விழுந்த பூக்களைப் பொறுக்கி மதில்மேல் உலர்த்தியிருந்தார்கள். நம் ஊரிலும் முள்ளிலவு இருக்கிறது, இங்கே அது நகரத்தின் மலர். காய்ந்த பூவைச் சாமந்தி, ஹனிசக்கிள் முதலியவற்றோடு சேர்த்துக் கொதிக்கவைப்பது ஐந்து பூத் தேநீர்.

சமையலறை சிறியது. இரண்டு அடுப்பு, ஒரு வாணலி, மூன்று மண்சட்டி, ஒரே ஒரு கத்தி. அகன்ற அந்தக் கத்தியாலேயே எலும்பை வெட்டினார், அதன் தட்டைப் பக்கத்தால் பூண்டை நசுக்கினார், நறுக்கியதை அதிலேயே அள்ளிச் சட்டியில் போட்டார். சூப்புக்கு இரும்புப் பாத்திரம் கூடாது. மண்சட்டி வாங்கியதும் கஞ்சி காய்ச்சி அதன் துளைகளை அடைத்துப் பழக்குகிறார்கள், நாம் செய்வதுபோலவே.

அன்றைய சூப் இது. அரை கிலோ பன்றி முதுகெலும்பு. தேங்காய் மண வேர் 50 கிராம். சிறு சிவப்புப் பயறு ஒரு கைப்பிடி. ‘யீமி’ என்ற முத்துப்போன்ற தானியம் ஒரு கைப்பிடி, வெறும் வாணலியில் பழுப்பாக வறுத்தது. வறுக்காவிட்டால் குளிர்ச்சி தூக்கலாக இருக்குமாம். பைன் வேரில் வளரும் ‘ஃபூலிங்’ பூஞ்சையின் வெள்ளைக் கட்டிகள் கொஞ்சம். ஊறவைத்து உள்வெள்ளையைச் சுரண்டிய சென்பி ஒரு துண்டு. தேனில் ஊறிய இலந்தை இரண்டு.

எலும்பைப் பச்சைத் தண்ணீரில் இஞ்சியோடு போட்டுக் கொதி வந்ததும் நுரையோடு அந்த நீரைக் கொட்டிவிடுகிறார்கள். கொதிநீரில் போட்டால் மேல்தோல் இறுகி ரத்தம் உள்ளேயே நின்றுவிடும். பிறகு கழுவிய எலும்பும் மூலிகையும் மண்சட்டியில், மூன்று லிட்டர் நீர். பெருந்தீயில் ஒரு கொதி, அப்புறம் மூடி லேசாக ஆடும் அளவுக்குச் சிறுதீ. இரண்டு மணி நேரம். நடுவில் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஊற்றித்தான் ஆகவேண்டும் என்றால் வெந்நீர். உப்பு கடைசியில்.

எது முதலில், எது கடைசியில் என்பது இந்தச் சமையலின் இலக்கணம். வேரும் எலும்பும் தொடக்கத்திலேயே. கோஜி இறக்குவதற்குப் பத்து நிமிடம் முன்பு. புதினா போன்ற மண இலைகள் அடுப்பை அணைக்கும் நேரத்தில். ஃபூசிக்கு நெடுங்கொதி உயிர் காப்பது என்றால், வேறு சிலவற்றுக்குக் கொதியே பகை. நான்காம் நூற்றாண்டில் இதே குவாங்தோங்கின் லுவோஃபூ மலையில் வாழ்ந்த மருத்துவர் கெ ஹோங், விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்குச் சிங்ஹாவ் செடியைக் காய்ச்சச் சொல்லவில்லை, நீரில் ஊறவைத்துப் பிழியச் சொன்னார். அந்தக் குறிப்பைப் படித்துத்தான் சீன விஞ்ஞானி தூ யூயூ, சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று ஐயுற்றார். 1971-ல் அவருடைய குழு குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு சாற்றை எடுத்தது. மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின் அப்படி வந்தது, 2015-ல் நோபல் பரிசும். பழைய நூலை மதித்ததும், அதைச் சோதித்துப் பார்த்ததும் சேர்ந்துதான் அந்த வெற்றி. ஈரத்தை இறக்கும் சூப்பு நிஜமாகவே ஈரத்தை இறக்குகிறதா என்பதற்கு அப்படிப்பட்ட சோதனையை நான் அறியேன். பயறும் தானியமும் வேரும் சேர்ந்த வெதுவெதுப்பான உணவு அது என்ற அளவில் எனக்கு நிறைவு.

சட்டி ஒருபுறம் முணுமுணுக்க, மற்ற சமையல் வேகமாக நடந்தது. ஆவியில் வேகவைக்கும் மீனுக்கு முதலில் நீர் தளதளவென்று கொதிக்கவேண்டும், அதன் பிறகே மீன் தட்டு உள்ளே போகும். அரை கிலோவுக்குச் சற்று மேற்பட்ட மீனுக்கு எட்டு நிமிடம். வெளியே எடுத்ததும் தட்டில் ஊறிய நீரைக் கொட்டிவிட்டார். கவுச்சி எல்லாம் அதில்தான். மெல்லிசாகச் சீவிய இஞ்சியும் வெங்காயத்தாளும் மேலே தூவி, புகையும் எண்ணெயை ஊற்றினார். சடசடவென்று வெடித்து மணம் எழுந்தது. ஓரமாகச் சோயா சாறு. கீரைத்தண்டு என் முறை. வாணலி புகையும்வரை காயவிட்டு எண்ணெய், பூண்டு, கீரை, தூக்கித் தூக்கிப் போட்டு இரண்டு நிமிடத்துக்குள் இறக்கச் சொன்னார். இரண்டு மணி நேரச் சூப்பும் இரண்டு நிமிடக் கீரையும் ஒரே மேசைக்குப் போகின்றன.

மூன்று சூப் தயாராயிற்று. யீமி கர்ப்பிணிக்கு ஆகாது என்பது மரபு, ஆகவே மருமகளுக்குத் தனிச் சட்டியில் எலும்பு, மக்காச்சோளம், கேரட், மலைவள்ளி, கடைசியில் கோஜி. நெடுநேரம் கொதித்த இறைச்சிச் சாற்றில் பியூரின் சேரும், யூரிக் அமிலம் ஏறும் என்று மருத்துவர் தடுத்திருப்பதால் ஆயீயின் கணவருக்கு வெண்பூசணியும் முட்டையும் போட்டுப் பத்து நிமிடத்தில் இறக்கிய தெளிசாறு. அவர் எங்கள் சட்டியை ஏக்கத்தோடு பார்த்தார். ஆயீ பார்க்காததுபோல் மூடியை மூடினார். சோற்றுக்கு முன்பு சூப். எங்கள் கிண்ணத்தில் இளம்பழுப்பு நிறம், மேலே எண்ணெய்க் கண்கள் சில, முகத்துக்குக் கொண்டுபோகும்போதே தேங்காய் வாசம். மருந்து நெடி துளியும் இல்லை. இனிப்பு இலந்தையிலிருந்தா வேரிலிருந்தா என்று பிரிக்க முடியவில்லை. அடியில் கிடந்த எலும்பையும் பயறையும் தட்டில் எடுத்து வைத்து, சோயா சாற்றில் தொட்டுச் சாப்பிட்டோம். வேரை மட்டும் எடுத்துப் போட்டார்கள்.

சைவர்களுக்கு இதை எப்படிச் செய்வது என்று கேட்டேன். அதற்கும் வழி வைத்திருந்தார். எலும்புக்குப் பதில் ஊறவைத்த வேர்க்கடலையும் முந்திரியும் ஒவ்வொரு கைப்பிடி, காய்ந்த காளான் ஆறேழு, பெரிய துண்டாக இரண்டு கேரட். ஒன்றரை மணி நேரம் போதும். அந்த வேர் கிடைக்காத ஊரில் மலைவள்ளியும் தாமரை விதையும் மக்கானாவும் போடலாம் என்றார். மணத்துக்குத் தேங்காய்த் துண்டைச் சேர்க்கலாமா என்று கேட்டதற்கு, ஹைனான் தீவில் தேங்காயோடு கோழி சேர்த்தே சூப் வைக்கிறார்கள், தாராளமாகப் போடுங்கள், ஆனால் முற்றல் வேண்டாம், இளம் வழுக்கையாகப் பார்த்துக் கடைசி அரை மணியில் போடுங்கள் என்று மருமகளை எழுதிக்கொடுக்கச் சொன்னார்.